பெங்களூரில் கடைசி நாள் வெள்ளிக்கிழமை: மூட்டை முடிச்சோடு தருமபுரி திரும்ப எது சரி?

அதியமான்கோட்டை அக்கா கேட்டது:

வணக்கம். செவ்வாய் மாலை 5 மணிக்கு மெஜஸ்டிக் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் எடுக்கிறோம். வெள்ளிக்கிழமை ஊர் திரும்புகிறோம். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு மூட்டு வலி, பிள்ளைகளுக்கு 7, 11. கூடவே தங்கை. இரண்டு பெரிய டிராலி, தங்கைக்குத் தனியாக ஒரு பை.

கடைசி நாளுக்குப் போட்டு வைத்திருப்பது: காலை ரூமைக் காலி செய்துவிட்டு பன்னார்கட்டா மிருகக்காட்சி சாலை, மதியம் பெங்களூர் பேலஸ், சாயங்காலம் எம்.ஜி. ரோடு, இரவு 8 மணிக்கு மெஜஸ்டிக்கில் பஸ். தங்கை மட்டும் கிருஷ்ணகிரியில் இறங்க வேண்டும். லக்கேஜை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. திட்டம் சரிப்படுமா?

---

ஓசூர் ரோடு எழுதியது:

சரிப்படாதுங்க. பன்னார்கட்டா ஊருக்குத் தெற்கே 20 கிலோமீட்டருக்கு மேல். பேலஸ் வடக்கே. எம்.ஜி. ரோடு நடுவில். பஸ் ஏறியதும் திரும்பத் தெற்கே போக வேண்டும். பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். பன்னார்கட்டாவை புதன் அல்லது வியாழனுக்கு மாற்றுங்கள். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை, அது உங்களுக்குப் பாதகமில்லை.

கடைசி நாளைப் பின்னாலிருந்து முன்னால் போட வேண்டும். முதலில் ஊரை விட்டு எப்போது, எந்த வழியாக வெளியேறுவது என்று முடிவு செய்யுங்கள். எதைப் பார்ப்பது என்பது அதற்கப்புறம்.

வெள்ளி சாயங்காலம் 5 முதல் 9 வரை ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி ஆட்கள், வாரக் கடைசிக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் போகிறவர்கள் எல்லாரும் ஒன்றாக இறங்குகிறார்கள். சில்க் போர்டு சந்திப்பிலிருந்து மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளி சுமார் 25 கி.மீ.தான். ஆனால் சில்க் போர்டு, சந்தாபுரா, அத்திப்பள்ளி டோல்கேட் என்று மூன்று இடத்தில் வண்டி தேங்கும். 8 மணி பஸ் என்று டிக்கெட்டில் இருந்தாலும் அத்திப்பள்ளி தாண்டும்போது மணி பத்தாகலாம். ஞாயிறு மாலை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், கூட்டம் பெங்களூருக்குள் வரும் பக்கம்தான் இருக்கும்.

ஆகவே பெரியவர்களும் பிள்ளைகளும் ரயிலில் போகட்டும். மைசூரு–மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ் (இப்போது கடலூர் துறைமுகம் வரை போகிறது) கே.எஸ்.ஆர். பெங்களூரில் இரவு 7 மணி வாக்கில் எடுத்து, ஓசூர் வழியாக தருமபுரிக்குப் பத்து மணி சுமாருக்கு வரும். அதை விட்டால் 9 மணிக்கு மேல் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அதில் வந்தால் தருமபுரி நடுராத்திரி ஆகிவிடும். நேரம் அவ்வப்போது மாற்றுகிறார்கள், முதல் நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன் பெயரைக் கவனமாகப் படியுங்கள். மெஜஸ்டிக் எதிரே இருப்பது கே.எஸ்.ஆர். பெங்களூர். கோவை வந்தே பாரத் தருமபுரியில் நிற்கும், ஆனால் அது கிளம்புவது கன்டோன்மென்ட்டில், அதுவும் மதியமே. வேறு சில வண்டிகள் பையப்பனஹள்ளி பக்கம் 2022இல் திறந்த விஸ்வேஸ்வரய்யா டெர்மினலில் கிளம்பும். அதற்கு மெட்ரோவில் பையப்பனஹள்ளி வரை போய் இறங்கி, மறுபடி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். “பெங்களூர்” என்று மட்டும் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டு மெஜஸ்டிக்கில் நிற்பவர்கள் நிறைய.

ஸ்லீப்பர் போட்டால் தூரம் குறைவாக இருந்தாலும் குறைந்தபட்சம் 200 கி.மீ. கட்டணம் பிடிப்பார்கள். அம்மாவின் காலுக்கு அந்தக் கூடுதல் காசு தகும். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே போய்விட்டது. ஆனால் கீழ் பெர்த் ஒதுக்கீடு (ஆண் 60, பெண் 45 வயதுக்கு மேல்) இன்னும் இருக்கிறது, புக் செய்யும்போது அதைத் தேர்வு செய்யுங்கள். பிள்ளைகள் இருவரும் 12க்குக் கீழ். தனி பெர்த் வேண்டாம் என்று குறித்தால் அரை டிக்கெட். மூன்று மணி நேரப் பயணம், உட்கார்ந்து வந்துவிடலாம்.

---

பிதுக்கம்பருப்பு எழுதியது:

ரயில் என்று ஆகிவிட்டால் மற்றது சுலபம். லாட்ஜ், ஸ்டேஷன், மெட்ரோ மூன்றும் மெஜஸ்டிக். லக்கேஜைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதே இல்லை.

முதலில் லாட்ஜில் ஒரு கேள்வி கேளுங்கள்: “24 மணி நேரச் செக் அவுட்டா, 12 மணிச் செக் அவுட்டா?” மெஜஸ்டிக் லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு சாதாரணம். நீங்கள் செவ்வாய் மாலை 5க்கு எடுப்பதால், அந்தக் கணக்குப்படி வெள்ளி மாலை 5 வரை ரூம் உங்களுடையது. காலையில் காலி செய்ய வேண்டிய அவசியமே கிடையாது! (விடியற்காலை 5 மணிக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு இதே கணக்கு எமன். கடைசி நாள் கோழி கூவும்போது வெளியே போகச் சொல்வார்கள்.) 12 மணிக் கணக்கு என்றால் ரிசப்ஷனில் பையை வைக்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நகை, பணம், லேப்டாப் மட்டும் கையோடு.

இனி ஊர் சுற்றல். மெட்ரோ பச்சை வழித்தடத்தில் மெஜஸ்டிக்கிலிருந்து தெற்கே வரிசை இதுதான்: சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ், லால்பாக், சவுத் எண்ட் சர்க்கிள், ஜெயநகர், ஆர்.வி. ரோடு. ஒரு நாளுக்கு வேண்டியதெல்லாம் இந்தக் கோட்டிலேயே கிடக்கிறது.

காலை 7 மணிக்கு முன்னால் கே.ஆர். மார்க்கெட். பூ மார்க்கெட் எட்டு மணிக்கு மேல் வெறிச்சோடும் என்று இல்லை, ஆனால் மூட்டை பிரிக்கிற அழகு அதற்குள் முடிந்துவிடும். ஓசூர், ராயக்கோட்டைப் பக்கத்துப் பூவும் அங்கே வரும், ஆகவே பூ வாங்காதீர்கள், பாருங்கள். கீழே ஈரமும் வாழைச் சருகும் வழுக்கும். அம்மா படிக்கட்டுப் பக்கம் போகாமல் வெளி வரிசையிலேயே நிற்கட்டும். மிளகாய்க் கடைகளில் பேடகி மிளகாய் கேளுங்கள். தோல் சுருங்கி, நல்ல சிவப்பாக, காரம் குறைவாக இருக்கும். குழம்புக்கு நிறம் தரும். நம்ம குண்டு மிளகாய்க்குப் பதிலாகப் போட்டால் சப்பென்று போய்விடும், இரண்டையும் கலக்க வேண்டும்.

டிபனுக்கு காந்தி பஜார் வித்யார்த்தி பவன் என்று யாராவது சொல்வார்கள். 1943லிருந்து இருக்கும் கடை, தோசை நன்றாக இருக்கும், ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்கள் நாள் வெள்ளி. ஆகவே லால்பாக் ரோடு மாவள்ளி டிபன் ரூம் (எம்.டி.ஆர்., 1924). அது திங்கள்தான் லீவு. மார்க்கெட்டிலிருந்து ஆட்டோவில் போங்கள், அருகில்தான். ரவா இட்லி அங்கே பிறந்தது என்பார்கள், போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் ரவையை வைத்துச் செய்ததாம். காலை டிபன் 11 மணியோடு முடியும், வரிசையில் நிற்க அரை மணி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு வெளியே வந்தால் லால்பாக் மெயின் கேட் எட்டும் தூரம். 240 ஏக்கர், அம்மாவால் நடக்க முடியாது. உள்ளே பேட்டரி வண்டி உண்டு, அதில் ஏற்றிவிடுங்கள். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம், கண்ணாடி மாளிகை 1889இல் வந்தது. பாறை மேல் ஏற வேண்டுமென்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கும். சுமார் 300 கோடி ஆண்டுப் பழைய பாறை, உச்சியில் கெம்பேகவுடா கோபுரம். வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கட்டும். கிருஷ்ணகிரிக்காரனுக்குப் பாறை புதிதா என்று கேட்டால் பதில் இல்லை. வெளியேறும்போது மெயின் கேட்டுக்கே திரும்பாமல் மேற்கு கேட் வழியாக வாருங்கள், மெட்ரோ ஸ்டேஷன் அந்தப் பக்கம்தான்.

குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். அந்த வாரங்களில் கடைசி நாளை லால்பாக்கில் வைக்காதீர்கள், வரிசையிலேயே நாள் கழியும். மே, ஜூனில் மாம்பழ மேளா போடுவார்கள். மாம்பழத்துக்குப் பேர்போன நம்ம கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் அங்கே மாம்பழம் வாங்குவது பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

12 மணிக்குள் பெரியவர்களை லாட்ஜுக்கு அனுப்பிவிடுங்கள், லால்பாக்கிலிருந்து நாலாவது ஸ்டாப் மெஜஸ்டிக். நீங்களும் தங்கையும் சிக்பேட்டையில் இறங்கிக் கடை பாருங்கள். சிக்பேட்டைக் கடைகள் பதினொன்றை ஒட்டித்தான் சூடு பிடிக்கும், ஞாயிறு பல கடை மூடியிருக்கும், வெள்ளி பிரச்சனையில்லை. சந்துகள் குறுகல், பெரியவர்களைக் கூட்டிப் போக வேண்டாம்.

என்ன வாங்கலாம்: நந்தினி (கர்நாடகப் பால் கூட்டுறவு) மைசூர் பாக், பேடா அவர்களுடைய எந்த பூத்திலும் கிடைக்கும், ஸ்டேஷன் போகும் வழியில் கடைசியாக வாங்கினால் போதும். மைசூர் சாண்டல் சோப்பு எங்கே வாங்கினாலும் அதே விலைதான், அதற்கென்று அலையாதீர்கள். மைசூர் சில்க் வேண்டுமானால் கே.எஸ்.ஐ.சி. (கர்நாடக அரசுப் பட்டு நிறுவனம்) ஷோரூம் மட்டும். சேலையில் நெய்த எண்ணும் ஹாலோகிராமும் இருக்கும், வெளியே “அதே சில்க்” என்று தருவதில் அது இருக்காது. காப்பித் தூள் வாங்கினால் சிக்கரி எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள். 80க்கு 20 என்றால் நம்ம வாய்க்குச் சரி, சொல்லாவிட்டால் அவர்கள் வழக்கத்துக்குக் கலந்துவிடுவார்கள். சென்னப்பட்டணம் பொம்மைக்கு எம்.ஜி. ரோடு காவேரி எம்போரியம் போக வேண்டும், அது ஊதா வழித்தடம், நேரமிருந்தால் வியாழனே முடித்துவிடுங்கள். பழைய முறைப்படி செய்த பொம்மை வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்கு ஏற்றியது, பெயின்ட் வாடை அடிக்காது. அடித்தால் வாங்காதீர்கள், சின்னக் குழந்தைகள் வாயில் வைக்கும்.

டிசம்பர், ஜனவரி என்றால் வி.வி.புரம் தின்பண்டத் தெருவை விடாதீர்கள் (நேஷனல் காலேஜ் ஸ்டேஷன்). அவர்கள் “இதுகித பேளே” என்று எழுதி வைத்திருப்பது வேறொன்றுமில்லை, ஊறவைத்துத் தோல் பிதுக்கிய மொச்சை, நம்ம பிதுக்கம்பருப்பு. ஆனால் கடைகள் சாயங்காலம்தான் களைகட்டும், 7 மணி ரயிலோடு அது ஒத்துவராது. முந்தின நாள் போங்கள்.

---

அதியமான்கோட்டை அக்கா எழுதியது:

மிக்க நன்றி. லாட்ஜில் கேட்டேன், 24 மணி நேரக் கணக்குதான். பெரிய பாரம் இறங்கியது. தங்கைக்கு மட்டும் வழி சொல்லுங்கள். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லையே. கர்நாடகா பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்கிறார்களே, அதில் ஓசூர் வரை வரலாமா? ரிசர்வேஷன் கிடைக்காவிட்டால் காலையிலேயே சாதா டிக்கெட் எடுத்து ஸ்டேஷன் கிளோக் ரூமில் (பை வைக்கும் அறை) பையைப் போட்டுவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

---

சூளகிரி சந்தை எழுதியது:

இலவசப் பயணம் (சக்தி திட்டம், 2023 ஜூன்) கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை இருக்கும் பெண்களுக்கு மட்டும். நம்ம ஆதாரைக் காட்டினால் டிக்கெட் கிழிப்பார்கள். தமிழ்நாட்டு இலவசமும் சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான், ஓசூர்–கிருஷ்ணகிரி வெளியூர் பஸ்ஸில் செல்லாது.

தங்கை ஒரே பையோடு போவதால் மெட்ரோதான் சரி. பச்சை வழித்தடத்தில் ஆர்.வி. ரோடு, அங்கே மாறி மஞ்சள் வழித்தடத்தில் கடைசி ஸ்டேஷன் பொம்மசந்திரா. மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது, 16 ஸ்டேஷன், சுமார் 19 கி.மீ. சில்க் போர்டு நெரிசல் முழுக்கக் கீழே கிடக்கும், நீங்கள் மேலே போய்க்கொண்டிருப்பீர்கள். ஆரம்பத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் ஓடியது, பிறகு ரயில் வரவர இடைவெளி குறைந்தது. இருந்தாலும் ஆர்.வி. ரோட்டில் கொஞ்சம் காத்திருக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மெஜஸ்டிக்கிலிருந்து எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டால் ஏமாற மாட்டீர்கள்.

பையின் அளவு முக்கியம். மெட்ரோவில் 60க்கு 45க்கு 25 செ.மீ., 15 கிலோ வரைதான் சும்மா விடுவார்கள். பெரிய டிராலி என்றால் ஸ்கேனர் பக்கம் நிறுத்தித் தனிக் காசு கேட்பார்கள். கட்டணம் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தது 10, அதிகபட்சம் 90 ரூபாய்.

பொம்மசந்திராவில் இறங்கி ஓசூர் ரோட்டில் தெற்கே போகும் பக்கம் நில்லுங்கள், அத்திப்பள்ளி அல்லது ஓசூர் பஸ் எது வந்தாலும் ஏறலாம். கிருஷ்ணகிரி, சேலம் எக்ஸ்பிரஸ்கள் அங்கே கை காட்டினால் நிற்கும் என்று நம்ப வேண்டாம். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால் கிருஷ்ணகிரிக்கு வண்டிக்குப் பஞ்சமில்லை, 50 கி.மீ.தான்.

நேரடி பஸ்ஸே வேண்டும் என்றால் இரண்டு விஷயம். ஒன்று, டிக்கெட்டில் ஏறும் இடம் மெஜஸ்டிக்கா, சாந்தி நகரா, சேட்டிலைட்டா, கலாசிபாளையமா என்று படியுங்கள், நாலும் வேறு வேறு பஸ் ஸ்டாண்ட். இரண்டு, நடுவழியில் ஏறுவதாக இருந்தால் கூடுலு கேட், சிங்கசந்திராவில் நிற்காதீர்கள். எக்ஸ்பிரஸ் எல்லாம் பொம்மனஹள்ளிப் பக்கம் மேம்பாலத்தில் ஏறி, பத்து கிலோமீட்டர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில்தான் கீழே இறங்கும். நீங்கள் பாலத்துக்கு அடியில் நின்று மேலே பஸ் போவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கிருஷ்ணகிரிக்கு சேலம் பஸ் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். திருவண்ணாமலை பஸ்ஸும், கிருஷ்ணகிரி வழியாகப் போகும் வேலூர், சென்னை பஸ்ஸும் ஆகும். சென்னை பஸ்ஸில் ஏறும்போது மட்டும் வழியைக் கேளுங்கள், கோலார், சித்தூர் வழியாகப் போகும் வண்டி நம்ம ஊரையே தொடாது. எந்த வண்டியானாலும் ஏறும் முன் கண்டக்டரிடம், “பஸ் ஸ்டாண்டுக்குள் போகுமா, பைபாஸா?” சில வண்டி டோல்கேட் பக்கமோ மேம்பாலத்துக்குக் கீழேயோ இறக்கிவிட்டுப் போய்விடும். இரவு 9 மணிக்கு மேல் ஒரு பெண் பிள்ளை தனியாகப் பையோடு அங்கே நிற்பது நல்லதில்லை. மதியம் 3 மணிக்கே கிளம்பச் சொல்லுங்கள், இருட்டுவதற்குள் வீட்டில் இருப்பார்.

பாலக்கோடு, ராயக்கோட்டைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: நீங்கள் கிருஷ்ணகிரி சுற்றவே வேண்டாம், ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழி பஸ் உண்டு.

---

கே.ஆர்.பி. டேம் எழுதியது:

சாதா டிக்கெட் யோசனை வேலைக்கு ஆகாது. 200 கி.மீ.க்குள் முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்தப் பக்கம் போகும் முதல் வண்டி கிளம்பும் வரை, எது பிந்தியதோ அதற்குள் பயணம் தொடங்க வேண்டும். காலை 9க்கு எடுத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு இரவு 7 மணி வண்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்கில் சேர்ப்பார்கள். வெள்ளிக்கிழமை அந்த வண்டியின் பொதுப் பெட்டியில் மைசூரிலிருந்தே ஆள் நின்றுகொண்டு வரும், 68 வயதுக்காரரை அதில் ஏற்றாதீர்கள்.

ரிசர்வேஷன் கிடைக்காவிட்டால் தத்கால் (கடைசி நேர முன்பதிவு) பாருங்கள். ஸ்லீப்பருக்கு முந்தின நாள், அதாவது வியாழன் காலை 11 மணி, ஏ.சி.க்கு 10 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைனில் தத்கால் போட ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும், அதைப் புதன்கிழமையே முடித்து வையுங்கள். 11 மணிக்கு உட்கார்ந்து ஓ.டி.பி. தேடினால் சீட்டு போயிருக்கும். தத்காலில் பிள்ளைகளுக்கு பெர்த் கேட்டால் முழுக் கட்டணம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தத்காலும் கைவிட்டால் சாயங்காலம் பஸ்ஸுக்குத் தாவாதீர்கள். எல்லாருமே மதியம் 2 மணிக்கு முன்னால் கிளம்பி, 4 மணிக்குள் அத்திப்பள்ளி தாண்டிவிடுங்கள். லால்பாக்கோடு நிறுத்திக்கொண்டு சிக்பேட்டையை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டு பெரிய டிராலியோடு மெட்ரோ மாறுவது அம்மாவுக்கு ஆகாது, நேரடி பஸ்ஸோ காரோ பாருங்கள்.

லாட்ஜ் ரூம் 5 வரை இருப்பதால் கிளோக் ரூம் தேவைப்படுவது 5லிருந்து 7 வரை மட்டும்தான், அந்த இரண்டு மணி நேரத்துக்கு வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்தாலே போதும். அப்படியும் போடுவதென்றால் ரயில் டிக்கெட், அடையாள அட்டை இரண்டும் காட்ட வேண்டும், பை பூட்டியிருக்க வேண்டும். ஜிப்பை மட்டும் இழுத்துவிட்டுக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். சாப்பாட்டுப் பொருளையும் உள்ளே வைக்காதீர்கள், மைசூர் பாக்கை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ கணக்கு: 2025 ஆகஸ்டிலிருந்து மீட்டர் முதல் 2 கி.மீ.க்கு 36 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 18. லாட்ஜிலிருந்து ஸ்டேஷன் பக்கம்தான் என்றாலும் அப்பா, அம்மா, டிராலிகளுக்கு ஒரு ஆட்டோ பிடித்துவிடுங்கள். பக்கத்து இடத்துக்கு வரமாட்டேன் என்பார்கள், அதனால் ரோட்டில் நின்று பேரம் பேசாமல் 5 மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே லாட்ஜ் பையனிடம் சொல்லி வையுங்கள்.

---

அதியமான்கோட்டை அக்கா எழுதியது:

பன்னார்கட்டாவை வியாழனுக்கு மாற்றிவிட்டேன். ஸ்லீப்பர் கிடைத்தது, அம்மாவுக்குக் கீழ் பெர்த், அப்பாவுக்கு நடு பெர்த். அதை மாற்ற வழி உண்டா?

---

ஓசூர் ரோடு எழுதியது:

மாற்ற வேண்டியதில்லைங்க. நடு பெர்த்தை விரிப்பது இரவு 10 மணிக்கு மேல்தான், அதற்குள் தருமபுரி வந்துவிடும். கீழே உட்கார்ந்துகொண்டு வரலாம்.